இப்ப என்ன படிக்கிறீங்க?

"இப்ப என்ன படிக்கிறீங்க?" என்று நம் ஊர்ப் பெண் ஒருத்தியிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும். "நான் படிப்பை நிறுத்தியே பதினஞ்சு வருஷம் ஆச்சு." "பெரியவன் எட்டாவது, சின்னது நாலாவது." "எனக்கெங்க அதுக்கெல்லாம் நேரம்?" முதல் பதிலில் படிப்பு என்றால் பள்ளிக்கூடம். இரண்டாவதில் கேள்வி அப்படியே பிள்ளைகளிடம் போய்விடுகிறது. மூன்றாவதுதான் உண்மை. இதே கேள்வியை ஓர் ஆணிடம் கேட்டால், டீக்கடையில் புரட்டிய பேப்பரின் பெயரையாவது கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொல்வார்.

நாட்றம்பள்ளியில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் மூன்று வருடங்களாக இந்தக் கேள்வியை ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதனால் என்னவெல்லாம் நடந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில், வாணியம்பாடியைத் தாண்டியதும் வரும். 2019 நவம்பர் வரை வேலூர் மாவட்டம், இப்போது திருப்பத்தூர் மாவட்டம். விடியும் முன்னே ரோட்டோரத்தில் டிபன் பையோடு பெண்கள் நிற்பதைப் பார்க்கலாம். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளின் பஸ்ஸும் வேனும் வந்து அள்ளிக்கொண்டு போகும். கம்பெனிக்குப் போக முடியாதவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தை ஊசி நூலால் கையால் தைப்பார்கள், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. வேறு சிலர் பீடி சுற்றுவார்கள். நானும் ஆறு வருடம் ஸ்டிச்சிங் லைனில் இருந்தவள்தான். பிறகு அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்து, இப்போது வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன்.

நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று உண்டு. தலைவர், செயலாளர், மேடை, சால்வை, சிறப்புரை எல்லாம் இருக்கும். எங்களுடையது அது இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், கறி எடுக்கவும் காய் வாங்கவும் வெளியே வரும் நேரத்தில் அரை மணியைத் திருடிக்கொண்டு கிளை நூலகத்தில் கூடுகிறோம். ஒவ்வொருத்தியும் கையிலிருக்கும் புத்தகத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். முழுக் கதையையும் சொல்லிவிடக் கூடாது. கடைசியில் ஒன்றை மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும்: இந்தப் புத்தகத்தை அடுத்து யாருக்குக் கொடுப்பேன், ஏன்?

இந்தக் கடைசிக் கேள்வி எளிதானதில்லை. 'நல்ல புத்தகம், எல்லாரும் படிங்க' என்று யாரும் சொல்லிவிடலாம். இது உனக்கு என்று சொல்ல வேண்டுமானால் அவளைத் தெரிந்திருக்க வேண்டும். அவளுக்கு எத்தனை மணிக்கு வீடு அடங்கும், எவ்வளவு பெரிய எழுத்து கண்ணுக்குத் தெரியும், எந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை, எதைப் படித்தால் சிரிப்பாள் என்று யோசிக்க வேண்டும். ஆறு வருடம் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவளைப் பற்றி எனக்குத் தெரியாதது எவ்வளவோ உண்டு. ஒரு புத்தகம் கொடுப்பதற்காக யோசித்தபோதுதான் பல பெண்களை நான் முதன்முதலாகக் கவனித்தேன்.

எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கென ஐந்து விதிகளை வகுத்தார். வாசகருக்கு ஏற்ற புத்தகம் கிடைக்க வேண்டும், புத்தகத்துக்கு ஏற்ற வாசகரும் கிடைக்க வேண்டும் என்பது அவற்றில் இரண்டின் சாரம். வாசலுக்கு வருபவருக்கு நூலகர் புத்தகம் தேடித் தருவார். வாசலுக்கே வராதவருக்கு? அதே 1931-ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்கே போனார். எங்களுக்கு வண்டி மாடு இல்லை. டிபன் பை இருக்கிறது, கம்பெனி பஸ் இருக்கிறது, என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளின் புத்தகப் பை இருக்கிறது. ஒரு கார்டில் எடுத்த புத்தகம் இரண்டு வாரத்துக்குள் நான்கு வீடு பார்த்துவிட்டுத் திரும்புகிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நூலகப் பதிவேட்டில் ஒரு வாசகர் பெயர்தான் ஏறும். அந்தப் பெயரும் பல சமயம் கணவர் பெயரோ மகன் பெயரோ. எந்தக் கிளை நூலகத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது பேப்பர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆண்கள்தான். அவர்கள் வாசிப்பது கண்ணுக்குத் தெரியும். அடுப்பில் பால் வைத்துவிட்டு இரண்டு பக்கம், பிள்ளை தூங்கியதும் நான்கு பக்கம் என்று படிப்பவளின் வாசிப்பு எந்தக் கணக்கிலும் வராது. கணக்கில் வராதவளுக்காக யார் புத்தகம் வாங்குவார்கள்? யார் நேரத்தை மாற்றி வைப்பார்கள்? பெண்கள் வாசிப்பதில்லை என்ற பேச்சு பாதி இங்கிருந்துதான் பிறக்கிறது.

ஆனால் காசு மட்டும் எல்லாரிடமும் வாங்கப்படுகிறது. விடுதலைக்குப் பிறகு இந்தியாவிலேயே முதலாவதாக 1948-ல் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது அன்றைய சென்னை மாகாணம். சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிப்பது அந்தச் சட்டத்தின் ஏற்பாடு. இப்போது ரூபாய்க்கு 10 பைசா. வீட்டு வரி 1,000 ரூபாய் என்றால் நூலகத்துக்கு 100 ரூபாய். இதை நான் சொன்னதும், வீட்டில் அப்பர் தைக்கும் ஓர் அக்கா சிரித்தார். "போன மாசம் வீட்டு வரி நான்தான் கட்டனேன். அப்போ அந்த நாற்காலி என்னுதுதானே?" என்று இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவரை அவர் நின்றுகொண்டேதான் பேசுவார்.

என்ன படிக்கிறோம் என்று சொல்கிறேன்.

எங்களிடம் அதிகம் சுற்றியவை ராஜம் கிருஷ்ணன் நாவல்கள். முதலில் 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் வாழ்க்கையை நேரில் போய்ப் பார்த்து எழுதியது. உப்பளம் எப்படி இருக்கும் என்றே தெரியாத ஊர் எங்களுடையது. ஆனால் வெயிலில் உப்பின் வெள்ளை கண்ணைக் கெடுப்பதைப் பற்றிப் பேச்சு வந்ததும், ஷூ கம்பெனியில் பசை பூசும் ஒருத்தி, "எங்களுக்கு மூக்கு" என்றாள். நாள் முழுக்க சொல்யூஷன் வாடையில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனால் குழம்பு வாசனை தெரிவதில்லையாம். உப்பு போதுமா என்று பிள்ளையைக் கேட்டுத்தான் இறக்குவாளாம். நாங்கள் பல வருடம் ஒரே பஸ்ஸில் போனவர்கள், இதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. தூத்துக்குடிப் பெண்களின் கண்ணைப் பற்றிப் பேசும்போதுதான் தன் மூக்கைப் பற்றிச் சொல்ல அவளுக்கு வழி கிடைத்தது.

ராஜம் கிருஷ்ணன் 1925-ல் பிறந்தவர், 1973-ல் 'வேருக்கு நீர்' நாவலுக்காக சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். கணவர் இறந்த பிறகு, கடைசிக் காலத்தை முதியோர் இல்லத்தில் கழித்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே, 2009-ல் தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. 2014-ல் காலமானார். இதை நான் சொல்லி முடித்ததும் யாரும் உடனே பேசவில்லை. "ஊரு ஊரா போயி அத்தனை பேரு கதையை எழுதனவங்களுக்குக் கடைசியில ஒரு வீடு இல்லையா?" என்றார் நாற்காலி அக்கா. அன்று புத்தகத்தை விட்டுவிட்டு, யார் வீட்டுப் பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்றுதான் பேசினோம். எட்டுப் பேரில் ஒருத்தி பேரில் மட்டும் இருந்தது.

அடுத்தது டி.செல்வராஜின் 'தோல்'. 2012-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்கள் சங்கம் கட்டிப் போராடிய கதை. தோலை நம்பி வாழும் ஊரில் இந்தப் புத்தகத்துக்கு வாசகர் தேடவே வேண்டியதில்லை. சுண்ணாம்புத் தொட்டி என்ற சொல்லைப் பார்த்ததுமே தங்கள் தாத்தாவின் வெந்துபோன கால்களைப் பற்றி இரண்டு பேர் சொன்னார்கள். பெரிய புத்தகம் என்பதால் மூன்று பேர் முறைவைத்துப் படித்தோம். முடித்த பிறகு ஓர் இளம்பெண் கேட்டாள்: "அக்கா, இது தோல் ஷாப்பு கதை. ஷூ கம்பெனி கதை எங்க கீது?" தோல் பதனிடும் ஆண்களைப் பற்றி ஒரு பெரிய நாவல் வந்துவிட்டது. அந்தத் தோலை ஷூவாகத் தைக்கும் பெண்களைப் பற்றி, டார்கெட்டைப் பற்றி, பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு நிற்பதைப் பற்றி, பஸ்ஸில் தூங்கி வழியும் இருபது வயதுகளைப் பற்றி அப்படி ஒரு நாவலை எங்களில் யாரும் இன்னும் கையில் எடுத்ததில்லை. நல்ல புத்தகம் ஒன்று, இல்லாத இன்னொரு புத்தகத்தையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பாமாவின் 'கருக்கு' பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1992-ல் வந்தது. பனை மட்டையின் ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி இருக்குமே, அதுதான் கருக்கு. நான் காலனியில் பிறந்தவள். நாம் பேசுகிற மாதிரியே அச்சில் வரலாம், அதைப் புத்தகம் என்று கூப்பிடுவார்கள் என்பதை எனக்குக் காட்டியது அந்தப் புத்தகம். எங்கள் குழுவில் ஊர்த் தெருவைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு அதைக் கொடுத்தேன். கம்பெனியில் என்னோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவள். படித்துவிட்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை வாயே திறக்கவில்லை. நான்காவது வாரம் தனியாக வந்து, "உங்க ஊர்லயும் இப்படித்தானா க்கா?" என்று கேட்டாள்.

"எங்க ஊர்னா எது? நீ இருக்கிற ஊர்தான்" என்றேன்.

அவள் முகம் மாறியது. எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆறு வருட சாப்பாட்டில் வராத கேள்வி அது. பெண்கள் என்ற ஒரே வார்த்தைக்குள் நாங்கள் எல்லாரும் சௌகரியமாக உட்கார்ந்திருந்தோம். அந்த வார்த்தைக்குள்ளும் தெருக்கள் இருப்பதைப் பார்க்க ஒரு புத்தகம் வேண்டியிருந்தது. அவள் குழுவை விட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன், போகவில்லை. அடுத்த வாரம் தன் நாத்தனாருக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லிப் புத்தகத்தைப் புதுப்பித்துக்கொண்டாள். எங்கள் நட்பு முன்பு மாதிரி இல்லை. முன்பைவிட உண்மையாக இருக்கிறது.

எல்லாப் புத்தகமும் இப்படிச் சுகமாக ஊர் சுற்றிவிட்டுத் திரும்புவதில்லை. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004-ல் வந்தது. முஸ்லிம் குடும்பங்களின் பெண்கள் தங்கள் உடலைப் பற்றியும் ஆசையைப் பற்றியும் பேசும் நாவல். சல்மா 13 வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர், வீட்டுக்குத் தெரியாமல் எழுதியவர். 2001-ல் பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவரானார், 2025-ல் மாநிலங்களவை உறுப்பினரானார். எங்கள் குழுவில் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆன ஒரு பெண், வீட்டில் உருது பேசுபவள், அதைத் தானே அலமாரியில் தேடி எடுத்தாள். வீட்டில் யாரோ புரட்டிப் பார்த்து ஒரு பக்கத்தைப் படித்திருக்கிறார்கள். கணவரின் பெயரிலிருந்த கார்டு பூட்டி வைக்கப்பட்டது. அவள் மூன்று மாதம் வரவில்லை.

அந்த மூன்று மாதமும் எங்களுக்குள் விவாதம். "இப்படிப் புத்தகம் எல்லாம் எதுக்கு? சமையல், கோலம், குழந்தை வளர்ப்புன்னு கொடுத்தா பிரச்சினை வருமா?" என்றார் ஒருவர். இன்னொருவர், "அப்போ நாளைக்கு அதுவும் வேணாம்னு சொல்லுவாங்க" என்றார். இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது. ஒரு பெண்ணுக்குப் புத்தகம் பரிந்துரைப்பவள் அவள் வீட்டுக்குள் நடப்பதற்குப் பொறுப்பேற்க முடியாது. ஆனால் தெரியாத மாதிரியும் இருக்க முடியாது. கடைசியில் பேசி முடிவு செய்தோம். எந்தப் புத்தகத்தையும் தடுப்பதில்லை. கொடுக்கும்போது, "இதை வீட்ல வெச்சுப் படிக்க முடியுமா?" என்று கேட்போம். முடியாது என்றால் அது நூலகத்திலேயே இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து இருபது பக்கம் படிக்கலாம். எதைப் படிப்பது, எவ்வளவு துணிவது என்பதை அவளே முடிவு செய்வாள். பொது நூலகத்தின் அருமை எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. வீட்டில் வைக்க முடியாத ஒரு புத்தகத்தை ஒரு பெண்ணுக்காக வைத்துக்கொள்ள ஊரில் வேறு எந்த இடம் இருக்கிறது?

அவள் திரும்பி வந்தாள். முதல் வேலையாகத் தன் பெயரில் உறுப்பினர் அட்டை வாங்கினாள். அந்த நாவலை விட்ட இடத்திலிருந்து படித்து முடிக்க ஐந்து வாரம் ஆனது. வீட்டில் இன்னும் கேள்வி கேட்கிறார்கள். அவள் இன்னும் வருகிறாள்.

படிக்கத் தெரியாதவர்களை என்ன செய்வது என்ற கேள்வியும் எழுந்தது. எங்கள் தெருவில் பீடி சுற்றும் ஓர் ஆயா, "எனக்கும் ஒண்ணு சொல்லேன்டி" என்று கேட்டார். அவருக்காகத் தேடியபோதுதான், பீடிக்கும் புத்தகத்துக்கும் பழைய உறவு இருப்பது தெரிந்தது. கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதலே ஒருவர் உயரமான இருக்கையில் உட்கார்ந்து பேப்பரும் நாவலும் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுவார்கள். அப்படிப் படித்துக் காட்டப்பட்ட ஒரு பிரெஞ்சு நாவலின் நாயகன் பெயரில் இன்றும் ஒரு சுருட்டு விற்கிறது: மாண்டிகிறிஸ்டோ. கேரளத்தில் கண்ணூர்ப் பக்கத்து பீடிக் கம்பெனிகளிலும் இந்த வழக்கம் இருந்தது. படிப்பவருக்கு உரிய பீடியை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

இதைக் கேட்டு எனக்கு மகிழ்ச்சியைவிடப் பொறாமைதான் வந்தது. ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து வேலை செய்தவர்களுக்குப் படித்துக்காட்ட ஆள் கிடைத்தார். வேலையைத் திண்ணைக்கும் அடுப்படிக்கும் பிரித்துக் கொடுத்தபோது, எங்கள் பெண்களுக்குக் கூலி மட்டும் குறையவில்லை, கூட உட்கார்ந்து கேட்கும் காதும் போய்விட்டது. இப்போது புதன்கிழமை மாலை அந்த ஆயா திண்ணையில் நான்கு பேர் கூடுகிறோம். மூன்று பேருக்குக் கையில் வேலை, ஒருத்திக்குப் புத்தகம். வை.மு.கோதைநாயகி அம்மாளுக்குத் தொடக்கத்தில் சரியாக எழுத வராது. தன் முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள்தான் எழுதினார். பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார், 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தினார். இந்தக் கதையைச் சொன்னதும் ஆயா கேட்டார்: "அந்தத் தோழி பேரையும் புத்தகத்துல போட்டாங்களா?"

உங்கள் ஊரிலும் ஒரு கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருக்கும். அதில் உங்கள் பெயரில் ஓர் அட்டை வாங்குங்கள். கணவர் பெயரில் ஏற்கெனவே இருந்தாலும் வாங்குங்கள், நாம் கணக்கில் வர வேண்டும். படித்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஒரு பெண்ணிடமாவது அதைப் பற்றிச் சொல்லுங்கள். வேண்டிய புத்தகம் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள், பெண்களுக்கு வசதியான நேரத்தையும் கழிவறையையும் சேர்த்தே கேளுங்கள். நம் வரிப்பணத்தில் நடப்பதை நாம் கேட்பதில் தயக்கம் எதற்கு?

ஷூ கம்பெனி கதை எங்கே என்று கேட்ட பெண் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைக்கும் நாளில் எழுதுகிறாளாம். என்ன எழுதுகிறாய் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. "முடிஞ்சா முதல்ல யாருக்குக் கொடுப்ப?" என்று மட்டும் கேட்டேன்.

"லைன்ல எனக்குப் பக்கத்து மெஷின் அக்காவுக்கு" என்றாள்.